மாமியாருக்கு மார்க் போட்டவர்

என் புருஷன் கிளிஃப்டனும் என் சின்னம்மா டல்சியும் இன்றுவரை ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை கிண்டை எதுவும் இல்லை. டல்சி என் அம்மாவின் தங்கை. இந்தக் கங்காரு நாட்டுப் பழங்குடிகளான எங்கள் முறைப்படி அம்மாவின் தங்கையும் அம்மாதான். ஆகவே கிளிஃப்டனுக்கு அவள் மாமியார். மாமியாரும் மருமகனும் பேசக்கூடாது, முகம் பார்க்கக்கூடாது, ஒரே வண்டியில் ஏறக்கூடாது. எங்களிடம் இருக்கிற மரியாதைகளிலேயே பெரியது இதுதான். வெள்ளைக்காரர்களிடம் சொன்னால், எங்களுக்கும் இப்படி ஒரு சட்டம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று சிரிப்பார்கள். நாங்களும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்போம்.

சின்னம்மா எங்கள் வீட்டில் இருப்பது தெரிந்தால் கிளிஃப்டன் படியேறுவதற்கு முன்பே இருமுவார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் நடுவில் நான்.

"ஜெனிட்டா, கெட்டில் கொதிச்சிருச்சுன்னு அவர்கிட்ட சொல்லு."

"கெட்டில் கொதிச்சிருச்சாம்."

"எனக்கும் காது இருக்குன்னு சொல்லு."

"அவருக்கும் காது இருக்காம்."

கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இதுதான் வேலை. சம்பளம் கிடையாது, உரிமம் கிடையாது, பரீட்சையும் யாரும் வைக்கவில்லை.

உரிமம் இருந்தது கிளிஃப்டனுக்கு. எங்கள் மொழிக்கும் இங்கிலீஷுக்கும் நடுவே கோர்ட்டில் நின்று பேச உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் இந்த நாட்டிலேயே அவர் ஒருவர்தான். இன்னொருவர் இருந்தார், தெற்கே ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. போட்டோ ஒட்டிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளிஃப்டன் புறப்பட்டால் ஊர் நாய்கள்கூட வழி விடும் என்று நான் கேலி செய்வேன். ஆனால் அந்த அட்டைக்குப் பின்னால் இருந்த பாடு எனக்குத் தெரியும். முன்பெல்லாம் போலீஸ் கையில் கிடைத்த ஆளைப் பிடித்து, "இவன் சொல்வதை இங்கிலீஷில் சொல்லு" என்று நிறுத்திவிடுவார்கள். அப்படி ஒருமுறை, அடிபட்டவனின் அண்ணனையே நடுவில் நிறுத்தினார்கள். அவன் தன் இஷ்டத்துக்குச் சொன்னான். குற்றவாளிக் கூண்டில் நின்றவன் வருஷக்கணக்கில் உள்ளே போனான். அதற்குப் பிறகுதான் கிளிஃப்டனும் ஊர்க்காரர்களும் பார்க்கர்ஸ் கிராசிங் டவுனில் கோர்ட் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். எங்கள் ஆளுக்காகப் பேசுகிறவர் பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவராக இருக்கவேண்டும், சொந்தக்காரராக இருக்கக்கூடாது என்று கேட்டார்கள். மழையில் நனைந்துகொண்டு கேட்டார்கள். நீதிபதி ஒத்துக்கொண்டார். அன்று நானும் கைதட்டினேன்.

அந்தச் சட்டம் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது.

கிளிஃப்டனின் தங்கை கோனிக்குக் கடைசிப் பையன். அவனைச் சின்னவன் என்றே இங்கே சொல்கிறேன். அம்மா வீட்டில் தூங்குவான், என் வீட்டில் தின்பான். கங்காரு வாலைத் தணலில் போட்டால் ஊருக்கு அந்தப் பக்கம் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தாலும் மோப்பம் பிடித்து வந்துவிடுவான். சிறு வயதில் தொண்டைப் புண் வந்து, அது கவனிப்பாரில்லாமல் இதயத்தில் இறங்கிவிட்டது. எங்கள் பிள்ளைகள் பலருக்கு அப்படித்தான். அதனால் மாதாமாதம் இடுப்பில் ஒரு பெரிய ஊசி. போட்ட இடம் இரண்டு நாள் கல் மாதிரி வலிக்கும். கிளினிக்கில் வேலை செய்கிற டல்சி சின்னம்மா ஊசி நாளன்று வண்டியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கே போவாள்.

"அத்தை, உங்க சின்னம்மாவைக் கட்டிப் போடுங்க. கோல் போடற நேரத்துல ஊசியோட வந்து நிக்கறாங்க."

"நீ செத்துப் போனா கோல் யாருடா போடறது?" என்பாள் சின்னம்மா.

ஒரு சனிக்கிழமை மேட்ச் முடிந்து கடை வாசலில் அடிதடி. யாரோ எறிந்த பாட்டிலில் ஒருவனுக்குக் கண் போயிற்று. போலீஸ் சின்னவனைத் தூக்கிக்கொண்டு போனது. அங்கே அவனிடம் இங்கிலீஷில் கேட்டார்கள். நீ அங்கே இருந்தாயா? ஆமாம். நீ எறிந்தாயா? ஆமாம். உனக்கு வருத்தமா? ஆமாம். எங்கள் ஆட்கள் போலீஸ் முன்னால் எல்லாவற்றுக்கும் ஆமாம்தான் சொல்வார்கள். ஆமாம் சொன்னால் பேச்சு சீக்கிரம் முடியும், எதிரில் இருப்பவர் முகம் சுளிக்கமாட்டார். வானத்தை நீதான் கிழித்தாயா என்று கேட்டிருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பான்.

நடந்தது வேறு. சண்டைக்குப் பாய்ந்த பங்காளிப் பையனை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன். இரண்டு கையும் மாட்டியிருந்தவன் பாட்டிலை எதால் எறிவான்? இதை அவன் தன் வாயால், தன் மொழியில், கோர்ட்டில் சொல்லவேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. முன்பொரு தடவை வேறொரு சில்லறை வழக்கில், சித்தப்பா சாவுக்குப் போனதில் கோர்ட் தேதிக்கு வராமல் இருந்துவிட்டான். அதனால் ஜாமீன் இல்லை. வழக்கு நடக்கும்வரை பார்க்கர்ஸ் கிராசிங்கில் உள்ள சிறையில் கிடக்கவேண்டும்.

முதல் விசாரணைக்கு நானும் கிளிஃப்டனும் கோனியும் வண்டியில் போனோம். கிளிஃப்டன் எழுந்து நின்று, தான் பையனின் தாய்மாமன் என்று உண்மையைச் சொன்னார். அப்படியானால் நீங்கள் பேசமுடியாது என்றார் நீதிபதி. நான் எழுந்தேன்.

"ஐயா, நான் பேசறேன். ரெண்டு பாஷையும் எனக்குத் தண்ணி பட்ட பாடு."

"உரிமம் இருக்கிறதா?"

"இல்ல."

"பையனுக்கு நீங்கள் என்ன உறவு?"

"அத்தை."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர்தான். "அம்மா, இந்த விதியை உங்கள் ஊர்தானே கேட்டு வாங்கியது" என்றார். வழக்குத் தள்ளிப் போனது. கூண்டில் நின்ற சின்னவனுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். நான் உதட்டைப் பிதுக்கினேன். அதற்குக் காவலர் ஒருவர் என்னை முறைத்தார்.

வெளியே வந்ததும் அவனுடைய வக்கீல் பிரிஜிட் சொன்னாள். அவளுக்கு வயது குறைவு, விரல் நகமெல்லாம் கடித்துத் துப்பியிருப்பாள். உரிமம் வாங்கக்கூடிய இன்னொரு ஆளை, சொந்தமில்லாத ஆளைக் கண்டுபிடியுங்கள் என்றாள். எங்களுக்குள் சொந்தமில்லாத ஆள் ஏது? ஆனால் காகிதத்தில் சொந்தமில்லாத ஆள் ஒருத்தி இருந்தாள். மாமனின் மனைவியின் சித்தி என்பதற்குக் கோர்ட் படிவத்தில் கட்டமே கிடையாது. கிளினிக்கில் டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவே நின்று பேசிப் பேசிப் பழுத்த வாய் அவளுக்கு.

"பரீட்சையா? எனக்கா?" என்றாள் டல்சி சின்னம்மா. "இந்த வயசுல ஸ்கூலுக்கு அனுப்பறீங்களாடி?"

"அந்தப் பயலுக்காக."

"அவன் ஊசி எப்படிப் போகுதுன்னு முதல்ல கேளு. அங்க போடறாங்களா?"

இரண்டு மாதம் என் சமையலறையில் பயிற்சி நடந்தது. நான் டாக்டராகவும் போலீஸாகவும் வக்கீலாகவும் மாறி மாறி இங்கிலீஷில் பொரிந்து தள்ளுவேன். சின்னம்மா எங்கள் மொழியில் சொல்வாள். சொன்னவர் "நான்" என்று சொன்னால் இவளும் "நான்" என்றே சொல்லவேண்டும், "அவர் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது. ஒன்றையும் விடக்கூடாது, ஒன்றையும் சேர்க்கக்கூடாது. அவளுக்குச் சேர்க்காமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "இந்த மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடுங்கள்" என்று நான் சொன்னால், "சாப்பிட்டுட்டுப் போடு, உங்கம்மா மாதிரி மறந்து தொலைக்காதே" என்று சேர்த்துவிடுவாள். நான் கத்துவேன். அவள் என் தலையில் தட்டுவாள். வாசலில் இருமல் கேட்டால் இருவரும் வாயை மூடிக்கொள்வோம். கிளிஃப்டன் அப்படியே திரும்பி வேலியோரம் போய் நிற்பார்.

சின்னம்மா பார்க்கர்ஸ் கிராசிங்குக்குப் போய்ப் பரீட்சை எழுதினாள். எழுதினாள் என்ன, பேசினாள். காதில் ஒலிப்பதிவு ஓடும், இவள் பேசுவது பதிவாகும். அதைத் தேர்வாளர் கேட்டு, விட்டது எங்கே, சேர்த்தது எங்கே, திரித்தது எங்கே என்று ஒவ்வொரு தப்பையும் குறித்து மார்க் போடவேண்டும். யார் எழுதினார்கள் என்று தேர்வாளருக்குத் தெரியக்கூடாதாம், யார் தேர்வாளர் என்று எழுதியவருக்குத் தெரியக்கூடாதாம். எங்கள் மொழியைப் படித்த ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியை தெற்கே இருந்தாள். அவள்தான் திருத்துவாள் என்று நம்பியிருந்தோம். அவளுக்கு உடம்பு முடியவில்லை. உரிமம் கொடுக்கும் அலுவலகம் அந்த ஒலிப்பதிவை, பெயரை மறைத்து, வெறும் எண் போட்டு, கிளிஃப்டனுக்கு அனுப்பி வைத்தது.

இரண்டு நொடி கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அலுவலகத்துக்குப் போன் போட்டார். ஹேலி என்ற பெண் எடுத்தாள். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"குரல் யாருன்னு எனக்குத் தெரியுது. என் உறவு. நான் திருத்தக்கூடாது" என்றார்.

"என்ன உறவு?"

"மாமியார்."

"உங்கள் மனைவியின் அம்மாவா?"

"மனைவியோட அம்மாவுக்குத் தங்கச்சி."

"ஓ, அப்படியானால் சித்தி. அது நெருங்கிய உறவுப் பட்டியலில் இல்லையே. உறவு இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை" என்றாள் ஹேலி, உதவி செய்கிற குரலில். "நீங்கள் மறுத்தால் திருத்த வேறு ஆள் இல்லை. அடுத்த பரீட்சை அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருஷம் என்றால் சின்னவன் அதுவரை உள்ளே. கிளிஃப்டன் போனை வைத்துவிட்டுக் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டார். பிறகு கணினியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார், அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார், கேட்க ஆரம்பித்தார். வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

முழுவதும் கேட்டார். நான் எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தேன். அவருக்கு முகத்தில் எதையும் ஒளிக்கத் தெரியாது. நாலைந்து இடத்தில் இமை துடித்தது. பேனா அசையவில்லை. முடிந்ததும் தாளில் எல்லாக் கட்டத்திலும் முழு மார்க் போட்டார். தப்பு என்ற பத்தியில் ஒன்றும் எழுதவில்லை.

"என்னய்யா இது? தப்பே இல்லையா?"

பேனாவை மூடி வைத்தார்.

"நாலு இடம்னு உன் கண்ணே சொல்லிருச்சு. இருக்கறதை எழுது. எழுதினாலும் பாஸ்தானே?"

"பாஸ்தான்."

"அப்புறம் என்ன?"

"உங்கம்மா பேசினது தப்புன்னு நான் எழுதணுமா, ஜெனிட்டா? என் கையால? முகத்தைப் பாக்கவே கூசறவன் நான். அவங்க வார்த்தையில உட்கார்ந்து நொள்ளை பொறுக்கச் சொல்றியா?"

"பையன் உள்ள கிடக்கான்யா."

"என் தங்கச்சி மகன். எனக்குத் தெரியாதா?"

"சரி, நான் கேக்கறேன். எங்கம்மாவை நான் தப்பு சொல்லலாம், பொழுது விடிஞ்சா அதுதானே செய்யறேன். எங்கெங்க தப்புன்னு நான் எழுதித் தர்றேன். நீ கையெழுத்து மட்டும் போடு."

"உனக்கு உரிமம் இல்ல. அது பொய்க் கையெழுத்து."

என் கையில் இருந்த டீயை வாசலில் வீசி ஊற்றினேன். அவர்மேல் ஊற்றாதது அவர் அதிர்ஷ்டம். இரண்டு சட்டத்துக்கும் ஒருசேர நல்லவனாக இருக்கப் பார்த்தார் அந்த மனிதர். அவரால் முடிந்த ஒரே வழி, வெள்ளையாக ஒரு தாள்.

மூன்று வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். கணினித் திரையில் ஹேலியும், அவளுக்கு மேலே ஒரு பெரிய அதிகாரியும். அந்த ஆள் கத்தவில்லை. தாளைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தப் பரீட்சை நடக்கும் எந்த மொழியிலும் ஒரு தப்புகூடக் குறிக்காத தாள் எங்களுக்கு வந்ததில்லை. இந்தப் பெண் தேறினால் முதலில் யாருக்காகப் பேசப் போகிறார் என்றும் விசாரித்தோம். உங்கள் தங்கை மகனுக்காக. சரிதானா?"

"சரிதான்" என்றார் கிளிஃப்டன்.

"ஒரே கேள்வி. அந்தப் பதிவில் தப்பு இருந்ததா, இல்லையா?"

இருந்தது என்று சொன்னால் மாமியாரைக் குறை சொன்னதாகும். இல்லை என்றால் பொய். கோர்ட்டில் எத்தனை வக்கீல்கள் எத்தனை வேகத்தில் பேசினாலும் ஒரு சொல் சிந்தாமல் அள்ளித் தருகிற என் புருஷன் வாயை மூடிக்கொண்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அதிகாரி காத்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, தலையை நீட்டினேன்.

"சார், அவரால அதைச் சொல்ல முடியாது. அவங்க அவருக்கு மாமியார். அவங்க பேச்சுல..."

"நீங்கள் யார்?"

"அவரோட மனைவி. ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் எப்பவும் பேசறது."

"அம்மா, இது அவரிடம் கேட்ட கேள்வி. வேறு யாரும் பதில் சொல்லக்கூடாது. மேலும் படிவத்தில் உறவு இல்லை என்று அவரே குறித்திருக்கிறார்."

"அந்தப் பொண்ணுதான் அப்படிக் குறிக்கச் சொல்லிச்சு! ஏம்மா ஹேலி, வாயைத் திறயேன்!"

ஹேலி குனிந்து எதையோ எழுதினாள். அதிகாரி, "உங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டோம்" என்றார். திரை இருண்டது.

பரீட்சை செல்லாது என்று தகவல் வந்தது. கிளிஃப்டனைத் தேர்வாளர் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். விசாரணை முடியும்வரை உரிமத்தையும் நிறுத்தி வைத்தார்கள். டல்சி சின்னம்மா விரும்பினால் மறுபடி எழுதலாமாம், தேர்வாளர் கிடைத்ததும். இருந்த ஒரே தேர்வாளரைத்தான் அவர்கள் நீக்கியிருந்தார்கள்.

அன்று சின்னம்மா வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கிளிஃப்டன் வெளியே ஜன்னலுக்குக் கீழே இருந்தார்.

"அவர்கிட்ட சொல்லு. பரீட்சையில வந்த அந்தப் போலீஸ் எச்சரிக்கையில ஒரு வரி விட்டுட்டேன், எனக்கே தெரியும். எழுதியிருக்கலாம், நான் ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டேன்னு சொல்லு."

நான் ஜன்னல்வழியே சொன்னேன்.

"அவங்க அப்படிச் சொல்லலாம், அது அவங்க பெருந்தன்மைன்னு சொல்லு. நான் எழுத முடியாது."

இதையும் சொன்னேன். சின்னம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என் புருஷனை அன்று நான் வெறுத்தேன். அவர் முதுகு, அவர் இருமல், கழுத்தில் அட்டை இல்லாமல் அவர் நின்ற நிலை, எல்லாவற்றையும் வெறுத்தேன். ஆனால் அவர் எழுதியிருந்தால் அதையும் என்னால் தாங்கியிருக்க முடியாது. இரண்டும் உண்மை.

வழக்கு மறுபடி தள்ளிப் போனது, பிறகு இன்னொரு தடவை. பிரிஜிட் ஒவ்வொரு முறையும் ஜாமீன் கேட்டாள். ஜாமீன் நிபந்தனைகளைப் பையனுக்கு அவன் மொழியில் விளக்க உரிமம் பெற்ற ஆள் இல்லாமல் எப்படி விடுவது என்று கேட்டது கோர்ட். மழைக்காலம் வந்து ஆறு சாலையை விழுங்கியது. போய்ப் பார்க்கவும் வழியில்லை. சின்னவன் போனில் பேசினான்.

"அத்தை, வால் சுட்டீங்களா?"

"உனக்கு வச்சிருக்கேன், வா. ஊசி போட்டாங்களாடா?"

"நர்ஸ் வந்து இந்த மாசம் ஊசி போட்டாச்சான்னு கேட்டாங்க. ஆமான்னேன்."

"போட்டாங்களா, இல்லையா?"

"இல்ல." சிரித்தான். "கேட்டாங்க, ஆமான்னு வந்துருச்சு. அது வேற உயிர் போற மாதிரி வலிக்கும் அத்தை. ஒரு மாசம்தானே."

"டேய், அது எத்தனாவது மாசம்?"

அதற்குள் சிறைப் போனில் நேரம் முடிந்துவிட்டது. உடனே கிளினிக்குக்கு ஓடினேன். டல்சி சின்னம்மா சிறைக்குப் போன் போட்டாள். எழுத்தில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினாள். கிடைத்தது, கோப்பில் சேர்த்தாயிற்று என்றார்கள். அதற்கடுத்த வாரம் மறுபடி போட்டாள். நோயாளியிடமே கேட்டுவிட்டோம், நெஞ்சு வலியும் இல்லை, நன்றாக இருப்பதாகச் சொல்கிறார் என்றார்கள்.

ஒரு நாள் காலை போலீஸ் வண்டி கோனியின் வீட்டு வாசலில் நின்றது. இரண்டு போலீஸ்காரர்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். கோனி என்னைக் கூப்பிடவில்லை. அந்தத் தொப்பிகளைப் பார்த்தே கீழே உட்கார்ந்து கல்லை எடுத்துத் தலையில் இடித்துக்கொண்டாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். படுக்கையிலேயே போய்விட்டானாம்.

அவன் பெயரை அன்றிலிருந்து ஊரில் யாரும் சொல்லவில்லை. இறந்தவர் பெயரைச் சொல்லக்கூடாது. அதே பெயர் வைத்திருந்த கடைக்காரப் பையனுக்குக்கூட வேறு பெயர் கொடுத்துவிட்டோம்.

அடுத்த வறண்ட பருவத்தில் மரண விசாரணை வந்தது. சிறையில் ஒருவர் இறந்தால் கட்டாயம் நடத்தவேண்டும். நீதிபதியம்மாள் விமானத்தில் எங்கள் ஊருக்கே வந்தாள், கவுன்சில் கூடத்தில் மேசை போட்டாள். குடும்பத்துக்கு எல்லாம் புரியவேண்டும் என்று முதலிலேயே சொன்னாள். உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் இருக்கிறாரா என்று கேட்டாள். இல்லை என்றாள் பிரிஜிட்.

"பரவாயில்லை" என்றாள் நீதிபதியம்மாள். "இது யாரையும் தண்டிக்கிற விசாரணை இல்லை. இங்கே அந்த விதி என்னைக் கட்டுப்படுத்தாது. இரண்டு மொழியும் தெரிந்த யாராவது, உறவினராக இருந்தாலும் சரி, உதவ முடியுமா?"

கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கிளிஃப்டன் கடைசி வரிசையில் ஒரு மூலையில், டல்சி சின்னம்மா அதற்கு நேர் எதிர் மூலையில். நான் எழுந்து போய் கோனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அன்று பகல் முழுக்கப் பேசினேன். நீதிபதியம்மாள் அவன் பெயரைச் சொன்னபோதெல்லாம் "இந்தப் பிள்ளை" என்று சொன்னேன். அது ஒன்றுதான் நான் விட்டது. மற்றபடி ஒன்றையும் விடவில்லை, சேர்க்கவில்லை. டாக்டர் எழுந்து, மாத ஊசி தொடர்ந்திருந்தால் இந்த மரணம் நேர்ந்திருக்க வாய்ப்பில்லை என்றார், சொன்னேன். சிறை நர்ஸ் எழுந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. நான் அவளுடைய "நான்" ஆனேன். "நான் அவன்கிட்ட கேட்டேன், ஊசி போட்டாச்சான்னு. ஆமான்னான். நான் கேட்டேன், நல்லா இருக்கியான்னு. ஆமான்னான். நான் நம்பினேன்." இதை அவனைப் பெற்றவளின் காதில் என் வாயால் சொன்னேன். கோனி என் முழங்காலைப் பற்றியிருந்த கையை எடுக்கவில்லை.

சாயங்காலம் நீதிபதியம்மாள் காகிதங்களை அடுக்கினாள். என்னைப் பார்த்து, மிக அருமையாகச் செய்தீர்கள், உங்கள் உதவி இல்லாமல் இது நடந்திருக்காது என்றாள். பிறகு குடும்பத்தார் ஏதாவது சொல்ல விரும்புகிறார்களா என்று கேட்டாள். அதையும் கோனியிடம் சொன்னேன்.

கோனி எழுந்து நின்றாள். நீதிபதியம்மாளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"அண்ணி, இன்னிக்கு உங்களைப் பேச விட்டாங்க. இதே வாய்தானே? அன்னிக்கும் இதே வாயோடதானே எந்திரிச்சு நின்னீங்க? எம்புள்ள உயிரோட இருந்தப்ப உங்களை ஏன் உட்காரச் சொன்னாங்க?"

மூலையில் கிளிஃப்டன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"பையனின் அம்மா என்ன சொன்னார்?" என்றாள் நீதிபதியம்மாள்.

ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். அண்ணி என்ற சொல்லைக்கூட விடவில்லை.

நீதிபதியம்மாள் பேனாவை எடுத்தாள், கீழே வைத்தாள். பிரிஜிட்டைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். வாயைத் திறந்து மறுபடி மூடிக்கொண்டாள்.

"என்ன சொல்றாங்க, அண்ணி?" என்று கோனி கேட்டாள். "சொல்லுங்க. என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லல, கோனி" என்றேன்.